கணக்கில் வராத ஆட்டம்

2005 மார்ச்சில் மெல்பர்னின் கார்ல்டன் அணி, பெர்த்திலிருந்து வந்த வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸைத் தோற்கடித்து, சீசனுக்கு முந்தைய விஸார்ட் கோப்பையைத் தூக்கியது. அதன்பின் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் அசல் சீசன் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் லீக் சுற்று முடிந்தபோது 16 அணிகள் கொண்ட பட்டியலில் கார்ல்டன் 16-ஆவது இடத்தில் இருந்தது. கடைசி இடத்துக்கு அந்த ஊரில் ‘மரக்கரண்டி’ என்று பெயர். செப்டம்பரில் நடந்த இறுதிப் போட்டியில் ஆடியது யார் தெரியுமா? மார்ச்சில் கார்ல்டனிடம் தோற்ற அதே வெஸ்ட் கோஸ்ட். சிட்னியிடம் 4 புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டார்கள். 2007-இல் கார்ல்டன் மறுபடியும் சீசனுக்கு முந்தைய கோப்பையை வென்றது, மறுபடியும் சறுக்கியது. இந்த முறை 15-ஆவது இடம். அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதை வைத்து, பயிற்சி ஆட்டத்தில் ஜெயிப்பது கெட்ட சகுனம் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. 2000-இல் எசண்டன் அணி இதே கோப்பையை வென்றது. பிறகு சீசன் முழுக்க, இறுதிப் போட்டி உட்பட, ஆடிய 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. 2009-இல் ஜிலாங் இரண்டு கோப்பைகளையும் வாங்கியது. நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை என்பதுதான் விஷயம். அந்த ஸ்கோர் போர்டு அணியின் தரத்தை அளக்கவில்லை. அன்றைக்கு எந்த அணிக்கு வெற்றி அதிகம் தேவைப்பட்டது என்பதை அளக்கிறது. போன ஆண்டு அடிவாங்கிய அணிக்கு பிப்ரவரியில் ஒரு வெற்றி வேண்டும்; ரசிகர்களை உறுப்பினர் சந்தா கட்டவைக்க வேண்டும். மேலே இருக்கும் அணிக்கு வேண்டியதெல்லாம், எல்லோரும் கைகால் சேதமில்லாமல் வீடு திரும்புவது.

2013-க்குப் பிறகு அந்தக் கோப்பையையே எடுத்துவிட்டார்கள். இப்போது சீசனுக்கு முன்னால் ஒவ்வோர் அணியும் வேறோர் அணியுடன் அதிகாரபூர்வமற்ற ஒத்திகை ஆட்டம் ஒன்றும், அதிகாரபூர்வமான பயிற்சி ஆட்டம் ஒன்றும் ஆடுகிறது. முடிவு எந்தப் பட்டியலிலும் ஏறாது. அப்படியென்றால் அதில் யாரை இறக்குவது, எவ்வளவு நேரம் ஆடவிடுவது என்று நிபுணர்கள் ஏன் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்? பார்வையாளர்களுக்கு ஆட்டமாகத் தெரிவது அணி நிர்வாகத்துக்கு ஒரு சோதனை. சோதனையை வடிவமைப்பது தனிக் கலை, கெடுப்பது சுலபம்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நம்மவர்களுக்கு மெல்பர்ன் மைதானம் என்றால் டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கும் டெஸ்ட் மேட்ச். அந்த மைதானம் குளிர்காலத்தில் இந்த ஃபுட்பாலின் கோயில். இரண்டுக்கும் உறவு இன்னும் நெருக்கமானது. 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற பிரபல கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்டர்கள் உடம்பு கனத்துப்போகாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாமே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் விதிகள் எழுதப்பட்டன. ஆக, இந்த விளையாட்டே இன்னொரு விளையாட்டுக்கான சீசன் இல்லாக் காலத்துப் பயிற்சியாகப் பிறந்ததுதான். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடியதால் முட்டை வடிவம் நிலைத்துவிட்டது.

ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது. பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்திக் கொடுக்கலாம், எறியக் கூடாது. 15 மீட்டருக்குக் குறையாமல் உதைத்துவந்த பந்தை அந்தரத்தில் பிடித்தால், தடையில்லாமல் உதைக்கும் உரிமை கிடைக்கும். நடுக் கம்பங்களுக்கிடையே போனால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் 1 புள்ளி. நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் பேருக்கு 20 நிமிடம், நிறுத்தங்களையும் சேர்த்தால் அரை மணி. நடுக்களத்தில் ஆடுபவர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 14 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். நடுவே வேகப் பாய்ச்சல்கள், மோதல்கள், தலைக்கு மேல் எம்பி விழுவது எல்லாம் உண்டு. கிளப்பின் பட்டியலில் நாற்பதுக்கு மேல் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். வாரத்துக்கு 22, 23 பேருக்குத்தான் ஆட்டம். மீதிப் பேர் கீழ்நிலை லீக்கில் ஆடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சீசன் நடுவே தேர்வுக் குழு கேட்கும் கேள்வி எளிது: நம்மிடம் இருப்பவர்களில் சிறந்த 22 பேர் யார்? பிப்ரவரியில் கேட்க வேண்டியது வேறு: யாரைப் பற்றி நமக்குத் தெரியாது?

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பின்வரிசையில் ஓர் இடம் காலி. முதல் ஆள் 28 வயதுக்காரர், 150 ஆட்டம் ஆடியவர். அவருடைய தரத்தை 70 என்று வைத்துக்கொள்வோம். அதில் பெரிய சந்தேகம் யாருக்கும் இல்லை. இரண்டாவது ஆள் 19 வயதுப் பையன். கீழ்நிலை லீக்கில் பார்த்த வரைக்கும் 60 தேறுவான் என்று ஒரு கணிப்பு. ஆனால் அந்தக் கணிப்பே முன்பின்னாக 20 புள்ளி ஆடக்கூடியது. நாளைக்கு ஜெயித்தே ஆக வேண்டும் என்றால் யோசிக்க எதுவுமில்லை, 28 வயதுக்காரர்தான். நாளைய ஆட்டம் கணக்கிலேயே வராது என்றால்? மணி வடிவ வளைகோட்டைப் போட்டுப் பார்த்தால், அந்தப் பையனின் உண்மையான தரம் 70-ஐத் தாண்டியிருக்கக் கிட்டத்தட்ட பத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. அது தெரியவந்தால் வரப்போகும் 23 லீக் ஆட்டங்களுக்கும் லாபம். இல்லையென்று தெரிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, பழையவர் இருக்கவே இருக்கிறார். சராசரி குறைவாக இருப்பவரைக்கூட அவரைச் சுற்றியிருக்கும் சந்தேகத்துக்காகவே தேர்ந்தெடுப்பது நியாயம்.

இந்த யோசனைக்குத் தொண்ணூறு வயது. 1933-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் தாம்ப்சன், மருத்துவச் சோதனைகளை மனதில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு மருந்துகள் இருக்கின்றன. எது நல்லது என்று பாதிதான் தெரியும். நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நன்றாகத் தெரியும் மருந்தையே எல்லோருக்கும் கொடுத்தால் இரண்டாவதைப் பற்றி ஒருபோதும் தெரியாது. பாதிப் பாதியாகக் கொடுத்தால் மோசமான மருந்தில் பலர் சிக்குவார்கள். தாம்ப்சன் சொன்ன வழி, ஒரு மருந்து மேலானதாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவோ அதே விகிதத்தில் அதைக் கொடு என்பது. பத்தில் மூன்று வாய்ப்பு என்றால் பத்தில் மூன்று பேருக்கு. பின்னாளில் சூதாட்ட இயந்திரங்களின் பெயரால் இந்தப் புதிர் புகழ்பெற்றது. இன்று இணைய விளம்பரங்கள்கூட இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. மருத்துவருக்கு இல்லாத ஒரு சலுகை ஃபுட்பால் பயிற்சியாளருக்கு உண்டு. தெரியாத ஆளைச் சோதிக்க, புள்ளி எதையும் இழக்காத இரண்டு ஆட்டங்களை லீக்கே தருகிறது.

ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களில் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் மரபு. புள்ளியியல்காரர் அதை ஒப்புக்கொள்வார், ஒரு நிபந்தனையோடு: கிளறிய பானையாக இருக்க வேண்டும். ஃபுட்பால் மேட்ச் கிளறிய பானை இல்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் பிப்ரவரி மாலையில் நான்கு முறை உதைத்து மூன்று கோல் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பத்திரிகையில் அவன் படம். அவனுடைய உண்மையான குறி 50 சதவீதமா 60 சதவீதமா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல எத்தனை உதை வேண்டும்? நூறுக்குக் குறையாமல். நூறு உதைக்குப் பிறகும் முன்பின் 10 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். நான்கு உதையில் மூன்று என்பது, 50 சதவீதக் குறிக்காரனுக்கே நாலில் ஒரு தடவை தானாக அமையும்.

அதனால் கெட்டிக்கார அணிகள் ஸ்கோரைப் பார்ப்பதில்லை. சத்தம் குறைவான, சீக்கிரம் நிலைப்படுகிற விஷயங்களைப் பார்க்கின்றன. பந்து மறுபக்கம் போனதும் பையன் எந்த இடத்துக்கு ஓடுகிறான்? மூன்றாவது கால்பகுதியில் அவன் பாய்ச்சல் வேகம் எவ்வளவு இறங்குகிறது? பந்து தன்னிடம் இல்லாதபோது தற்காப்பு வலையில் அவன் ஓட்டை விடுகிறானா? ஓர் ஆட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கான தருணங்கள் வரும். கோல் வாய்ப்பு நான்குதான் வரும்.

இந்த இடத்தில் புள்ளியியலின் அழகான கதை ஒன்று இருக்கிறது. 1950-களில் சார்ல்ஸ் ஸ்டைன் ஒரு விசித்திரத்தை நிரூபித்தார். பல பேருடைய திறமையை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, ஒவ்வொருவரின் சொந்தச் சராசரியை அப்படியே நம்புவதைவிட, எல்லோரையும் பொதுச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறையும். 1977-இல் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மாரிஸும் இதை 18 அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து விளக்கினார்கள். 1970 சீசனில் ஒவ்வொருவரும் முதல் 45 வாய்ப்புகளில் எடுத்த சராசரியை மட்டும் பார்த்து, மீதி சீசனைக் கணிக்க வேண்டும். உள்ளே இழுத்த கணிப்புகளின் மொத்தப் பிழை, சொந்தச் சராசரிகளை நம்பியபோது வந்த பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பட்டியலில் முதல் ஆள் ராபர்ட்டோ கிளெமென்டே. முதல் 45 வாய்ப்பில் 0.400. ஸ்டைனின் முறை அவரைக் கீழே இழுத்து 0.294 என்றது. மீதி சீசனில் அவர் எடுத்தது 0.346. அவர் உண்மையிலேயே மேதை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக இருந்த முறை, அவர் ஒருவர் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டிவிட்டது. பயிற்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் இந்த ஒருவர்தான். பிப்ரவரியில் ஜொலிக்கும் பத்துப் பையன்களில் ஒன்பது பேரை நம்பாமல் இருப்பது சரி. பத்தாவது பையன் கிளெமென்டேயாக இருந்தால்?

சோதனையைக் குழப்பும் இன்னொரு சங்கதி, யாரும் தனியாக ஆடுவதில்லை என்பது. ஆட்டம் தொடங்கும்போது நடுவட்டத்தில் இரண்டு நெட்டையர்கள் எம்பிப் பந்தைத் தட்டிவிடுவார்கள். ரக்மேன் என்று பெயர். தட்டிய பந்து எங்கே விழும் என்று அவருடைய நடுக்களத் தோழர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புது நடுக்களப் பையன் பந்தே எடுக்கவில்லை என்றால் குறை அவனிடமா, அன்றைக்கு இறங்கிய இரண்டாம் நிலை ரக்மேனிடமா? பயிற்சி ஆட்டத்தில் நட்சத்திர ரக்மேனுக்கு ஓய்வு கொடுத்து, அவர் இடத்தில் ஒரு பையனையும், அவனுக்குக் கீழே இரண்டு பையன்களையும் இறக்கினால், மூன்று பேரைப் பற்றியும் எதுவும் தெரியாமல் மாலை முடிந்துவிடும். வேளாண்மை ஆய்வில் புதிய விதையையும் புதிய உரத்தையும் ஒரே வயலில் சேர்த்துப் போடாதே என்பார்கள். இங்கேயும் அதே சட்டம்தான். புதியவனைப் பழக்கப்பட்டவர்கள் நடுவில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதனால்தான், தகவல் என்ற கணக்கில் பூஜ்யமான மூத்த ஆட்டக்காரர்களும் முதல் பாதியில் களத்தில் இருக்கிறார்கள். அவர்களைச் சோதிக்க யாரும் இறக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனை அளக்க அவர்கள்தான் அளவுகோல்.

அதிகாரபூர்வமற்ற ஒத்திகை ஆட்டங்களின் விதிகளை இரு அணிகளும் பேசி வைத்துக்கொள்ளலாம். கால்பகுதிகளைக் கூட்டலாம், மாற்று ஆட்டக்காரர்களை இஷ்டத்துக்கு இறக்கலாம். சீசனில் ஓர் ஆட்டத்துக்கு இத்தனை மாற்றம்தான் என்ற வரம்பு உண்டு. 2021 முதல் 75. ஒத்திகையில் அந்தக் கவலை இல்லை. ஆனால் எதிரணியும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். உங்கள் பையன் அபாரமாக ஆடிய நேரத்தில் அவனைக் காவல்காத்தவனும் யாரோ ஒரு பையன். ஒரு சோதனைக்குள் இன்னொருவரின் சோதனை நடக்கிறது.

இனி உடம்பு. தகவல் கணக்கு எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும், தொடையின் பின்புறத் தசை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஹாம்ஸ்ட்ரிங் என்று கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இந்த லீக்கில் காயங்களின் கணக்கெடுப்பு 1992 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் வரும் காயம் இதுதான். முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீளும்போது இழுப்பது தசைக்கு மிகக் கஷ்டமான வேலை. அங்கேதான் கிழியும். குவீன்ஸ்லாந்தில் ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு பலகை செய்தார்கள். ஆட்டக்காரர் அதன்மேல் மண்டியிடுவார். கணுக்கால்களை இரண்டு கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே கோடாக மெல்ல முன்னே சாய்க்க வேண்டும், தாக்குப்பிடிக்கிற வரை. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். செய்கிறவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். கொக்கிகளில் உள்ள உணரிகள் ஒவ்வொரு காலும் எவ்வளவு விசை கொடுக்கிறது என்று காட்டும். டேவிட் ஓபரும் சகாக்களும் 210 ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டக்காரர்களை இப்படி அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சியின் தொடக்கத்தில் 256 நியூட்டனுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் காயம்படும் அபாயம் 2.7 மடங்கு. 256 நியூட்டன் என்பது சுமார் 26 கிலோவைத் தூக்கும் விசை. பயிற்சிக் காலம் முடிந்தபிறகும் பலவீனமாகவே இருந்தவர்களுக்கு அபாயம் நான்கு மடங்குக்கும் மேல். ஒத்திகை ஆட்டத்துக்கு யாருக்கு எத்தனை நிமிடம் என்று முடிவுசெய்யும் மேசையில் இந்த மாதிரி எண்கள் முன்னால் கிடக்கும்.

இன்னொரு எண் முதுகிலிருந்து வருகிறது. தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்பனியனில் தைத்த பையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஜிபிஎஸ் கருவி இருக்கும். அந்தத் துறையில் பேர்பெற்ற கேட்டபல்ட் நிறுவனம் 2006-இல் மெல்பர்னில் தொடங்கியதுதான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை முறை முழு வேகம், எத்தனை திருப்பம் என்று எல்லாம் பதிவாகும். இந்த எண்களைக் கொண்டு டிம் கேபெட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு விகிதத்தைப் பிரபலமாக்கினார். இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுக்க வேண்டும். 0.8-க்கும் 1.3-க்கும் நடுவே இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இந்த யோசனை முதலில் சோதிக்கப்பட்டது நமக்குப் பழக்கமான ஆட்டத்தில். 28 ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் வீசிய பந்துகளை எண்ணி, திடீரென்று அதிகம் வீசிய வாரத்துக்குப் பின் காயம் கூடுகிறது என்று 2014-இல் எழுதினார்கள்.

ஒத்திகை ஆட்டத்தில் இது எப்படி வேலை செய்யும்? ஒரு நட்சத்திரம் டிசம்பரில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடந்த நான்கு வாரங்களில் சராசரியாக வாரத்துக்கு 12 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறார். இந்த வாரப் பயிற்சியில் 8 கிலோமீட்டர் ஓடிவிட்டார். சனிக்கிழமை முழு ஆட்டம் ஆடினால் இன்னும் 13; மொத்தம் 21, விகிதம் 1.75. பாதி ஆட்டத்தோடு நிறுத்தினால் மொத்தம் 14.5, விகிதம் 1.2. இடைவேளைக்குப் பிறகு அவர் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரசிகர்கள் கவலைப்படுவார்கள். கவலைப்பட எதுவுமில்லை, வகுத்தல் கணக்கு அவ்வளவுதான். சரி, ஆபத்தாயிற்றே, அவரை ஆடவிடாமலே வைத்துவிட்டால்? முதல் சுற்று வரும்போது சராசரி இன்னும் தாழ்ந்திருக்கும். அன்றைக்கு முழு ஆட்டம் ஆடியே தீர வேண்டும். ஒத்திவைத்த அபாயம் வட்டியோடு வரும்.

இந்த விகிதத்தைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய பக்தியே இருந்தது. 2016-இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அறிக்கையும் இதை ஏற்றுக்கொண்டது. பிறகு எதிர்ப்பு கிளம்பியது. சிட்னியில் பணியாற்றும் ஃபிராங்கோ இம்பெல்லிசெரி போன்றவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பலர் கணக்கிடும் முறையில் அந்த நான்கு வாரங்களில் இந்த வாரமும் ஒன்று; ஆக, இந்த வாரம் என்ற எண் தொகுதியிலும் இருக்கிறது, பகுதியிலும் இருக்கிறது. இப்படி வகுத்தால் இல்லாத தொடர்பும் இருப்பதுபோலத் தோன்றும். அதோடு, விகிதம் ஏறியவர்களுக்குக் காயம் பட்டது என்பதால், விகிதத்தைக் குறைத்தால் காயம் குறையும் என்று ஆகிவிடாது. நார்வேயில் 34 இளைஞர் கால்பந்து அணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்த விகிதப்படி பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் உடல்நலத்தில் வித்தியாசம் இல்லை. விகிதத்தின் எல்லைக்கோடுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் அடியில் இருக்கும் பழைய அனுபவ அறிவு, அதாவது பழகாத உடம்பைத் திடீரென்று வதைக்காதே என்பது, கணக்கு விழுந்ததால் விழுந்துவிடவில்லை.

ஆராய்ச்சிகளில் இன்னொரு முடிவும் வரும்: சீசனுக்கு முந்தைய பயிற்சியில் அதிகம் கலந்துகொண்டவர்கள் சீசனில் அதிக ஆட்டங்களுக்குக் கிடைக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பயிற்சி அவர்களைத் திடமாக்கியதா, அல்லது இயல்பிலேயே திடமானவர்கள்தான் பயிற்சிக்கும் வந்தார்களா? ஊரில் தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிற தாத்தாக்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்து நாம் செய்யும் அதே தவறு.

விலையும் உண்மையானது. 2015-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் டாம் லிபரடோரே சீசனுக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசன் முழுவதையும் இழந்தார். 2025-இல் சிட்னியின் நடுக்கள நட்சத்திரம் எரோல் குல்டன் ஒத்திகை ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். முந்தைய ஆண்டு இறுதிப் போட்டி வரை வந்த அணி அது. காயம் மட்டுமல்ல. 2024 மார்ச்சில், கணக்கில் வராத ஓர் ஆட்டத்தில், செயின்ட் கில்டாவின் ஜிம்மி வெப்ஸ்டர் நார்த் மெல்பர்ன் கேப்டன் ஜை சிம்ப்கின் தலையில் மோதினார். வெப்ஸ்டருக்குக் கிடைத்தது ஏழு ஆட்டத் தடை. அந்த ஏழும் கணக்கில் வரும் ஆட்டங்கள். புள்ளிகள் ஏறாது, தண்டனை ஏறும்.

கடைசிக் கால்பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது மூத்தவர்கள் யாரும் களத்தில் இருக்க மாட்டார்கள். ஒப்பந்தமே இல்லாமல் பயிற்சிக்கு வந்தவர்கள் அந்த நேரத்தில்தான் இறங்குவார்கள். 2019 சீசனிலிருந்து, முதல் சுற்றுக்கு முன்பாகக் காலியிடங்களுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொள்ள லீக் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறது. அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் முந்தைய ஆண்டுத் தேர்வில், 18 அணிகளும் தொடாமல் விட்ட சிட்னி ஸ்டாக் என்ற பையனை ரிச்மண்ட் இந்த வழியில் சேர்த்தது. அதே 2019-இல் அவன் முதல் அணியில் ஆடினான். யாரைப் பற்றி மிகக் குறைவாகத் தெரியுமோ அவர்களுக்கு, எதையும் தெரிந்துகொள்ள மிகவும் கடினமான அரை மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். இரு பக்கமும் பையன்கள், கால்கள் ஓய்ந்திருக்கும், அமைப்பு கலைந்திருக்கும். ஸ்டாக் போன்ற ஒருவனை இரண்டாவது கால்பகுதியில், மூத்தவர்கள் நடுவில் இறக்கினால் கிடைக்கும் பத்து நிமிடம் அந்த அரை மணிக்கு மேல் பேசும். அணிகள் இதை ஏன் அடிக்கடி செய்வதில்லை என்றால், அந்தப் பத்து நிமிடம் யாராவது ஒரு மூத்தவரின் சுமைக் கணக்கிலிருந்து வர வேண்டும்.

தெரியாதவர்களை உண்மையிலேயே ஆடவிட்டால் என்ன ஆகும் என்று எந்த அணியும் ஒரு சீசன் முழுக்கச் சோதித்துப் பார்க்காது. ஓர் அணிக்கு அது தலையில் வந்து விழுந்தது. எசண்டன் 2012-இல் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த ஊசிகள் பற்றிய ஊக்கமருந்து வழக்கால், 2015-இல் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களுக்குக் கீழ்நிலை லீக்குகளிலிருந்து ஆட்களைக் கடன் வாங்கி அணி அமைக்க வேண்டியிருந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் யார் யார் என்று வெளியே தெரியாமல் இருக்க, 2012-இல் அணியில் இருந்த மற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தேர்வுக் குழுவின் புத்தகத்திலும் இல்லாத காரணம் இது. 2016 ஜனவரி 12-ஆம் தேதி விளையாட்டுத்துறை நடுவர் மன்றம் 34 பேருக்குத் தடை விதித்தது. அவர்களில் 12 பேர் அப்போதும் எசண்டனில் இருந்தார்கள். கேப்டன் ஜோப் வாட்சன் அவர்களில் ஒருவர். பயிற்சி ஆட்டங்களுக்குச் சில வாரங்களே இருந்தன.

லீக் பத்து மாற்று ஆட்களுக்கு அனுமதி கொடுத்தது. ஜிலாங்கில் மூன்று பட்டம் வென்று ஓய்வுபெற்று, எசண்டனுக்கு இளைஞர்களைப் பழக்கும் கோச்சாக வந்திருந்த ஜேம்ஸ் கெல்லி, மறுபடியும் பூட்ஸைக் கட்டினார். புதிய தலைமைப் பயிற்சியாளர் ஜான் வோர்ஸ்ஃபோல்ட். படிப்பால் மருந்தாளுநர் என்பது விதியின் குசும்பு. அந்த ஆண்டு எசண்டன் மூன்றே ஆட்டம் ஜெயித்தது. 1933-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி இடம். ஆனால் வாட்சன் இல்லாத நடுக்களத்தில் அவ்வளவு நிமிடங்களும் இளையவர்களுக்குப் போயின. 20 வயது ஸாக் மெரெட் அதற்கு முன்பே அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்தான். அந்த சீசன் முடிவில் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் அவருக்கு. 2017-இல் தடை முடிந்து பெரும்பாலானவர்கள் திரும்பியபோது அணி ஏழாம் இடம் பிடித்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. இதில் எவ்வளவு அந்தக் கட்டாயச் சோதனையால், எவ்வளவு வாட்சனும் மற்றவர்களும் திரும்பியதால், எவ்வளவு கடைசி இடத்துக்குப் பரிசாக, புது ஆட்கள் தேர்வில் கிடைத்த முதல் உரிமையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் எசண்டன் இல்லை. மெரெட் 2023-இல் அணியின் கேப்டனானார்.